வெடி நேரம் தெரிந்த ஊர்

கரூரிலிருந்து கோவை செல்லும் சாலையில் மேற்கே போகப் போக, காவிரியின் பசுமை சீக்கிரமே பின்தங்கிவிடும். வாழையும் நெல்லும் மறைந்து, சரளை மேடுகளும் முருங்கைத் தோட்டங்களும் தொடங்கும். க.பரமத்தி வட்டாரத்தின் பெரும்பகுதிக்கு ஆற்றுப் பாசனமும் இல்லை, வாய்க்கால் பாசனமும் இல்லை. மழை பெய்தால் சோளம், கொள்ளு. பெய்யாவிட்டால் ஆடும் மாடும்தான் குடும்பத்தைக் காப்பாற்றும்.

அதற்காகவே இந்தப் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்துவரும் சொத்து கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். காலையில் படலைத் திறந்து ஆடுகளை உள்ளே விட்டால், பொழுது சாயும்வரை அவை தாமாகவே மேயும். கோடையில் புல் காய்ந்துவிட்டாலும், வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். காங்கேயம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி என்று நீளும் மேய்ச்சல் பூமியின் ஒரு பகுதி இது.

இதே பூமிக்கு அடியில்தான் கருங்கல்லும் கிடக்கிறது. இரண்டடி சரளையை வழித்தால் பாறை. சாலைக்கு ஜல்லி, வீட்டுக்கு எம்-சாண்ட் என்று தேவை ஏற ஏற, கொறங்காட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் வந்துவிட்டன. ஒரு பக்கம் ஆடு மேய்கிறது, மறுபக்கம் ஜாக்ஹாமர் துளைக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கிளுவை வேலியும் சில மீட்டர் இடைவெளியும் மட்டுமே.

நேரம் தப்பிய வேட்டு

மதியம் நெருங்கும் நேரம். குவாரியை ஒட்டிய ஒரு கொறங்காட்டில் முப்பது உருப்படி செம்மறிகளை ஓட்டிக்கொண்டிருக்கிறார் ஒரு அம்மா. வேலியோரம் நிழல் இருந்தும் ஆடுகளை அங்கே நிற்க விடவில்லை. கிழக்கு மூலையில் இருக்கும் கல் கட்டடத் தொட்டிப் பக்கம் துரத்துகிறார். கையில் கடிகாரம் இல்லை. குவாரியில் கம்ப்ரசர் சத்தம் நின்றுவிட்டது, அதுதான் அவருக்குக் கடிகாரம். துளை போட்டு முடித்துவிட்டார்கள், இனி மருந்து நிரப்புவார்கள் என்று அர்த்தம்.

சிறிது நேரத்தில் சைரன் ஒலிக்கிறது. பிறகு காலுக்கடியில் ஒரு அதிர்வு, அதன் பின்னால் சத்தம், வேலிக்கு மேலே எழும் புகை. ஆடுகள் ஒருமுறை தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்கின்றன.

"நேரத்துக்கு வெச்சாங்கன்னா ஒண்ணும் பயமில்லீங்க. நேரந்தப்பி வெக்கிற வேட்டுதான் பயம். சைரன் இல்லாம சாயங்காலமா ஒண்ணு வெப்பாங்க பாருங்க, அப்பத்தான் கல்லு வரும்" என்கிறார் அவர்.

படிக்காத அந்த அம்மா சொன்னது, சுரங்கப் பாதுகாப்பு அறிந்த எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. பெரிய வேட்டுக்கு ஆயத்தம் அதிகம், எச்சரிக்கையும் அதிகம். பெரிய வேட்டில் உடையாமல் தங்கிவிட்ட பெருங்கற்களைத் துண்டாக்க, பிறகு "சும்மா ரெண்டு குழிதானே" என்று அவசரமாக வைக்கும் சின்ன வேட்டில்தான் கல் அதிகம் பறக்கிறது. அந்தப் பெருங்கல் நாலாபுறமும் திறந்து கிடக்கிறது. மருந்தின் வேகத்தைத் தாங்க அதைச் சுற்றிப் பாறை இல்லை.

கல் ஏன் பறக்கிறது?

வாய்க்காலில் தண்ணீர் கட்டிப் பழகியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. கரை முழுக்கப் பலமாக இருந்தால் தண்ணீர் மடை வழியாகத்தான் போகும். ஓரிடத்தில் எலிவளை இருந்தால் மொத்தத் தண்ணீரும் அந்த வழியே பீறிடும். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவும் அப்படித்தான். பாறையை மெல்ல விரித்துத் தள்ள வேண்டிய வேகம், எங்கே பலவீனமோ அங்கே பீறிட்டு, வழியில் இருக்கும் கல்லைத் துப்பாக்கிக் குண்டாக்கிவிடுகிறது. பலவீனம் நான்கு இடங்களில் வரும்.

முதலாவது, குழியின் வாய். மருந்து வைத்தபின் மேலே மிச்சமிருக்கும் குழியைச் சிறு சரளைத் துகள் போட்டு இறுக்கி அடைக்க வேண்டும். சிறு குவாரிகளில் ஜாக்ஹாமர் போடும் குழி 32 முதல் 36 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். குழி விட்டத்தைப் போல் 25 மடங்கு நீளத்துக்கு அடைப்பு இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள ஒரு கைக்கணக்கு. 34 மில்லிமீட்டர் குழிக்கு 85 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழக் குழியில் பாதிக்கு மேல் அடைப்புக்கே போய்விடும். "இன்னொரு தோட்டா போட்டால் நன்றாக உடையுமே" என்று ஆசைப்பட்டு அடைப்பைக் குறைத்தால், குழி பீரங்கிக் குழலாகிவிடும். துளைத்த தூளையே வாரிப் போட்டு மூடுவதும் போதாது. முனையுள்ள சரளைத் துகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்கும், மாவுத் தூள் நிற்காது.

இரண்டாவது, முன்சுவர். குழிக்கும் பாறையின் திறந்த முகத்துக்கும் இடையே உள்ள கனம் ஓரிடத்தில் குறைந்திருந்தால், அங்கிருந்து கல் நேராகப் பக்கவாட்டில் பாயும். முந்தைய வேட்டில் முகம் பெயர்ந்து குடைந்திருப்பதைக் கவனிக்காமல் பழைய அளவிலேயே குழி போட்டால் இது நடக்கும்.

மூன்றாவது, பாறைக்குள் ஓடும் வெடிப்பும் மண் நாளமும். துளை போடும்போது ஜாக்ஹாமர் திடீரென்று வழுக்கி இறங்கினால், உள்ளே இளக்கம் இருக்கிறது என்று துளைப்பவருக்குத் தெரியும். அதை அவர் வெடிவைப்பவரிடம் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் மருந்து வைக்காமல் அடைப்பு போட வேண்டும்.

நான்காவது, ஆடு மேய்க்கும் அம்மா சொன்ன சின்ன வேட்டு.

பறக்கும் கல் எவ்வளவு தூரம் போகும்? மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், சாய்வாக 45 பாகையில் கிளம்பும் ஒரு கல், காற்றின் தடையைக் கழிக்காமல் கணக்கிட்டால், 300 மீட்டருக்கும் சற்று அதிகத் தூரத்தில் விழும். தேங்காய் அளவுக் கல் அந்தத் தூரத்தில் ஓட்டுக் கூரையைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். ஆட்டின் மேலோ ஆளின் மேலோ விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிணறு வெட்டிய காலம்

வேட்டுச் சத்தம் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. கருங்கல் பூமியில் கிணறு என்றாலே வெடி வைத்து இறக்கியதுதான். மருந்து வைக்கும் நாளில் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் ஆள் போய்ச் சொல்லுவார்கள். கிணற்று வாயில் மரங்களைப் பரப்புவார்கள். மேட்டில் ஒருவர் ஏறி நின்று "வேட்டு, வேட்டு" என்று கூப்பாடு போடுவார். மாடுகளை அவிழ்த்துத் தூரத்தில் கட்டிய பிறகுதான் திரியில் நெருப்பு வைப்பார்கள்.

"அன்னிக்குக் கல்லு பறந்தா நம்ம சாளை மேலதான் விழுகும். அதனால பார்த்து வெச்சோம்" என்று சிரிக்கிறார் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அன்று வேட்டால் பயன் பெறுபவரும் ஆபத்தைச் சுமப்பவரும் ஒரே ஆள். குவாரியில் அப்படியில்லை. கல் விற்ற காசு ஒரு பக்கம் போகிறது, பறக்கும் கல் வேறு பக்கம் வருகிறது. குழிக்குள்ளே நிற்கும் தொழிலாளியும் வேலிக்கு வெளியே நிற்கும் விவசாயியும்தான் ஆபத்தின் பங்காளிகள். அதனால்தான் இந்த விஷயத்தை நல்ல மனசுக்கு மட்டும் விட்டுவிட முடியாது. சட்டம் வேண்டும், அதைக் கேட்டு வாங்கும் ஊரும் வேண்டும்.

300 மீட்டரின் உள்ளும் வெளியும்

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இல் வந்தவை. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை கொடுக்கக் கூடாது என்று அவற்றின் 36ஆம் விதி சொல்கிறது. பக்கத்துப் பட்டா நிலத்துக்கு விடவேண்டிய பாதுகாப்பு இடைவெளி 7.5 மீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு 300 மீட்டர். உழுகிற காட்டுக்கு 7.5 மீட்டர். ஆனால் விவசாயி பகல் முழுவதும் இருப்பது வீட்டில் அல்ல, காட்டில்தான். வேட்டு வைப்பதும் பகலில்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குடியிருப்பு என்று விதி கணக்கில் எடுப்பது, வருவாய்த்துறைப் பதிவேட்டில் கிராம நத்தமாகவோ வீட்டு மனையாகவோ உள்ள இடத்தை அல்லது முறையாக அங்கீகாரம் பெற்ற மனையை. கொங்குப் பகுதியில் பாதிப்பேர் ஊருக்குள் இல்லை, அவரவர் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறார்கள். மூன்று தலைமுறையாக அடுப்பு எரியும் வீடாக இருந்தாலும், ஆவணத்தில் அது வெறும் புன்செய் என்று இருந்தால், அளக்க வருபவர் கண்ணுக்கு அது வீடாகத் தெரியாமல் போகலாம். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, ஊராட்சியின் கட்டட அனுமதி ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வதும், பக்கத்தில் குவாரி விண்ணப்பம் வரும்போதே ஆட்சேபணையில் சாளையைக் குறிப்பிட்டு எழுதுவதும் இதனால் முக்கியம். குவாரி தொடங்கிய பிறகு இதைச் செய்வது இருமடங்கு சிரமம்.

காட்டில் இருப்பவரைக் காப்பது வேறொரு விதி. 1961இல் வந்த உலோகச் சுரங்க விதிமுறைகள் வெடிவைக்கும் இடத்திலிருந்து 300 மீட்டர் சுற்றளவை ஆபத்துப் பகுதி என்கின்றன. அதற்குள் இருக்கும் எல்லோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் வெடிக்க வேண்டும். அந்தப் பகுதி முழுவதும் கேட்கும்படி எச்சரிக்கை ஒலி கொடுக்க வேண்டும். பொதுச் சாலை உள்ளே வந்தால் இருபுறமும் ஆள் நிறுத்த வேண்டும். 2017இல் வந்த நிலக்கரிச் சுரங்க விதிமுறைகள் இந்த ஆபத்துப் பகுதியை 500 மீட்டராகவே வைத்துள்ளன. பறக்கும் கல்லின் வீச்சு அனுபவத்தில் கூடியதே தவிரக் குறையவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

ஆக, குவாரி வேலியோடு அதன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பக்கத்துக் காட்டில் களை எடுப்பவரை எச்சரிக்காமல் வெடிப்பது விதிமீறல்.

ஒழுங்கான குழி எப்படி இருக்கும்?

எல்லாக் குவாரியும் ஒன்றல்ல. ஒழுங்காக நடக்கும் குழியில் சில அடையாளங்கள் வெளியில் நின்று பார்த்தாலே தெரியும்.

வெடிவைப்பவர் சான்றிதழ் பெற்றவராக இருப்பார், ஒவ்வொரு குழியையும் அளந்துவிட்டுத்தான் மருந்து நிரப்புவார். நிரப்பிய குழிகளின் மேல் கிரஷரில் கழித்த பழைய பெல்ட், கம்பிவலை, மணல் மூட்டை ஆகியவற்றைப் போட்டு மூடுவார்கள். நாலு திசையிலும் சிவப்புக் கொடியோடு ஆள் நிற்பார்கள். வெடித்த பிறகு குழியைச் சோதித்துவிட்டு, "சரி" என்பதற்கான இரண்டாவது சைரன் கொடுப்பார்கள். பெருங்கல்லை வேட்டு வைத்து உடைக்காமல், பொக்லைனில் பொருத்திய பிரேக்கரால் குத்தி உடைப்பார்கள். இந்த ஒரு மாற்றமே பறக்கும் கல்லில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். பிரேக்கருக்கு டீசல் செலவு உண்டு. ஆனால் ஒரு கல் ஒருவர் தலையில் விழுந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

குழிக்குள் வேலை செய்பவர்களில் வெளிமாநிலத்தவர் பலர். தமிழில் கத்துகிற எச்சரிக்கை அவர்களுக்குப் புரியாது. சைரனும் கொடியும் எல்லோருக்கும் பொதுவான மொழி என்பதாலும் அவை அவசியம்.

பால் சொசைட்டிப் பலகை

இந்த வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், குவாரிக்காரருக்கும் ஊருக்கும் நடந்த நீண்ட சண்டைக்குப் பிறகு எட்டிய ஏற்பாடு எளிமையானது. காலையில் எல்லோரும் பால் ஊற்ற வரும் சொசைட்டிச் சுவரில் ஒரு கரும்பலகை. அன்றைக்கு வேட்டு உண்டா, எத்தனை மணிக்கு என்று குவாரி ஆள் வந்து எழுத வேண்டும். எழுதாத நாளில் வேட்டு கிடையாது. எழுதிய நேரம் தாண்டி அரை மணிக்கு மேல் தாமதமானால் அன்று நிறுத்திவிட்டு மறுநாளைக்கு எழுத வேண்டும்.

பலகையைப் பார்த்துவிட்டுத்தான் களையெடுக்க ஆள் கூப்பிடுகிறார்கள். டிராக்டர் எந்தப் பக்கம் உழுவது என்பதும் அதைப் பார்த்துத்தான். பள்ளி விடும் நேரத்தில் வேட்டு இல்லை என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தூசி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உள்ள இன்னொரு குவாரி இந்த ஏற்பாட்டுக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் "எப்ப வருமோ" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே குனிந்து களையெடுத்த நிலை மாறியிருக்கிறது. பலகையில் எழுதிய நேரம் ஒரு ஆவணமும் ஆகிறது. தினமும் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்கும் இளைஞர் ஒருவர் ஊரில் இருக்கிறார். நேரம் தப்பினால் புகார் எழுத அவரிடம் தேதிவாரியாக ஆதாரம் உண்டு.

குவாரிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை

1. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். வெடிவைக்கும் முறை, நேரம் பற்றிய நிபந்தனைகள் அதில் இருக்கும். கிடைக்காவிட்டால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

2. புதிய குவாரிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால் தவறாமல் போங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். அதில் உங்கள் சாளை, கிணறு, கொறங்காடு வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள்.

3. வெடிநேரம், சைரன், பிரேக்கர் ஆகிய மூன்றையும் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

4. சைரன் கேட்டால் மரத்தடியிலோ ஓட்டுக் கூரையின் கீழோ நிற்காதீர்கள். தளம் போட்ட கட்டடத்துக்குள் போங்கள் அல்லது தூரமாக விலகுங்கள். ஒரு சத்தம் கேட்டதும் வெளியே வராதீர்கள், இரண்டாவது சைரன்வரை காத்திருங்கள்.

5. காட்டில் வயரோடு கூடிய சிறு உலோகக் குழாயோ தோட்டாவோ கிடந்தால் தொடாதீர்கள். அது வெடிக்காமல் தங்கிய கேப்பாக இருக்கலாம். குழந்தைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். இடத்தை அடையாளம் வைத்துக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

6. கல் வந்து விழுந்தால் அதை எடுத்து எறியாதீர்கள். விழுந்த இடத்திலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலோ செருப்போ வைத்துப் படம் எடுங்கள். தேதி, நேரம், சர்வே எண், குவாரியிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். அன்றே கிராம நிர்வாக அலுவலரை அழைத்துக் காட்டுங்கள். கால்நடை அடிபட்டால் கால்நடை மருத்துவரின் சான்று வாங்குங்கள். ஆளுக்குக் காயம் என்றால் முதலில் 108, பிறகு காவல் நிலையம்.

7. மனுவை மாவட்ட ஆட்சியர், மாவட்டக் கனிமவளத்துறை அலுவலகம், சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் ஆகிய மூன்று இடத்துக்கும் அனுப்புங்கள். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

பொழுது சாய்கிறது. க.பரமத்தி மேடுகளில் டிப்பர் லாரிகளின் புழுதிக்குள் சூரியன் சிவப்பாக இறங்குகிறது. கிழக்கு மூலையிலிருந்து செம்மறிகளை ஓட்டிக்கொண்டு அந்த அம்மா படலுக்கு வருகிறார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி வெளியே விடுகிறார். முப்பதும் இருக்கின்றன. படலைச் சாத்தும்போது குவாரிப் பக்கம் ஒருமுறை காது கொடுக்கிறார். கம்ப்ரசர் ஓடவில்லை, சைரனும் இல்லை.

"இன்னிக்கு இனி இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நடக்கிறார். நாளைக் காலையில் பால் ஊற்றப் போகும்போது பலகையைப் பார்ப்பார்.